விடுப்பு சோறு போடுமா?

கேள்வி: 2024 யூன் 7

புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். மூத்த மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. கணிதப் பிரிவு. பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைப் பார்த்தால் பொறியியலுக்கு இடம் கிடைக்கும் என்கிறார்கள். அவளோ விஞ்ஞான பீடத்துக்குத்தான் போவேன், பௌதிகவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். காரணம் கேட்டால் "அறிய ஆசையாக இருக்கிறது அப்பா" என்கிறாள். அறிய ஆசை சோறு போடுமா? எதையும் எட்டிப் பார்க்கும் இந்த விடுப்புக் குணத்தால் உருப்பட்டவர்கள் யாராவது உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவம் மேசையில் கிடக்கிறது.

பதில்: யூன் 8, மாலை

அண்ணா, நீங்கள் கோபத்தில் எழுதிய "விடுப்பு" என்ற சொல்லுக்காகவே வாயைத் திறக்கிறேன். ஆர்வம், தேடல் என்றெல்லாம் மேடையில் பேசுவார்கள். நான் பார்த்தவரை பௌதிகவியலுக்கு வேண்டியது அதுவல்ல, பக்கத்து வீட்டில் என்ன சத்தம் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற குணம். தனக்குச் சம்பந்தமில்லாததை விட்டுவிட முடியாத குணம்.

நான் பௌதிகவியலாளன் அல்ல. கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அதனால் என் பேச்சைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

1998. மல்லாவி. எனக்குப் பன்னிரண்டு வயது. வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் படுக்கவைத்து, அதிலிருந்து இரண்டு வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கேட்பது பெரியப்பாவும் அயலும்.

டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். பெரியப்பா செத்த வானொலி ஒன்றிலிருந்து மின்னோட்டத்தை ஒரு திசைக்கு மட்டும் விடும் ஓர் இருவாயியை (டயோட்) பிடுங்கிப் போட்டிருந்தார். செய்திக்கு அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். வேகமாகச் சுற்றினால் அது கீச்சிடும், மெதுவாகச் சுற்றினால் முனகும். செய்தியைவிட எனக்கு அதுதான் பிடித்திருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே ஏற்றி இறக்கிப் பாட்டுப் போட்டுப் பார்த்தேன். வானொலியில் யாரோ முக்கியமான ஆள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். குட்டு விழுந்தது.

"அது ஏன் என் கையோடு சேர்ந்து ஊளையிடுகிறது?" என்று கேட்டேன். பெரியப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்புக் கரைசலில் மின்னோட்டத்தைப் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம் அது. அவருக்கு மின்சாரம் கைப்பழக்கம். இருந்தும் "எனக்கும் தெரியாதடா" என்றார். அடுத்த வாரம் நான்கு இருவாயிகளைச் சதுரமாகப் பற்றவைத்துப் போட்டார். இரைச்சல் நின்றுவிட்டது.

அந்த இரைச்சல்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது. சோறும் போடுகிறது, கறி கொஞ்சம் குறைவு.

யூன் 8, இரவு

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். வானொலியோடு சேர்த்து ஆறு வோல்ற்று சைக்கிள் பல்ப் ஒன்றையும் கொளுவ வேண்டும். சும்மா விட்டால் டைனமோவின் வோல்ற்றளவு ஏறி வானொலியின் உயிரைக் குடித்துவிடும். எங்கள் வீட்டில் ஒன்று அப்படித்தான் போனது. சுற்றியவன் நான் என்பதை இருபத்தாறு வருடம் கழித்து இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

யூன் 9

"சோறு" என்று கேட்டவருக்கு நான் கதை சொல்லித் தப்பிவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான்.

சி. வி. ராமன் 1907 இல் இந்திய நிதித் துறையில் சேர்ந்தார். கல்கத்தாவில் கணக்குப் பார்க்கும் அரச உத்தியோகம். அலுவலகம் முடிந்தால் இந்திய அறிவியல் வளர்ப்புச் சங்கத்தின் ஆய்வுகூடத்துக்குப் போய்விடுவார். வயலினும் வீணையும் மிருதங்கமும் ஏன் அப்படி ஒலிக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காத வேலை. இடையில் ரங்கூன், நாக்பூர் என்று இடமாற்றமும் வந்தது. 1917 இல்தான் உத்தியோகத்தை விட்டுச் சம்பளம் குறைந்த பேராசிரியர் பதவிக்குப் போனார். அதுவரை பத்து வருடம் சோற்றை ஒரு கையிலும் விடுப்பை மறு கையிலும் வைத்திருந்த மனிதர்.

1921 இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நீலம் கடலில் தெறிப்பதுதான் அந்த நிறம் என்று இங்கிலாந்துப் பௌதிகவியலாளர் ரேலி சொல்லி முடித்திருந்தார். ராமன் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிக்கொல் பட்டகம் ஒன்றைக் கொண்டு கடற்பரப்பில் தெறித்து வரும் ஒளியை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. அந்த நூலைப் பிடித்துப் போனவருக்கு 1928 பெப்ரவரி 28 இல், சிதறும் ஒளியில் ஒரு பங்கு நிறம் மாறி வருகிறது என்ற ராமன் விளைவு கிடைத்தது, 1930 இல் நோபல் பரிசு.

முல்லைத்தீவுக் கடலை நாங்கள் எத்தனை பேர் எத்தனை தரம் பார்த்திருப்போம்? நான் பார்த்தபோதெல்லாம் மீன் விலையைத்தான் யோசித்தேன்.

யூன் 9, பிறகு

முல்லைத்தீவுக் கடல் என்றதும் நினைவு வந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிவதைப் பற்றி வருடாவருடம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கும். அந்தப் பாடவேளையில் மட்டும் எனக்கு அதிபரைப் பார்க்க அவசர வேலை வந்துவிடும். நான் சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடிக்கவில்லை. "கேட்டது போதும், கும்பிடு" என்றார். விடுப்புக்கும் எல்லை உண்டு என்று முதலில் படிப்பித்தவர் அவர்.

யூன் 12

திருத்தம். 8ஆம் திகதி நான் எழுதியதில் பிழை இருக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, நான்தான் நேற்றிரவு நித்திரையில்லாமல் கண்டுபிடித்தேன்.

"நான்கு இருவாயி போட்டதும் இரைச்சல் நின்றுவிட்டது" என்று எழுதினேன். நின்றிருக்க முடியாது. நான்கு இருவாயிகள் ஓட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும், அவ்வளவுதான். மேடு பள்ளத்தை நிரப்புவதற்கு மின்னைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் கொள்ளளவி வேண்டும். பெரியப்பா அதைப் பிறகுதான் போட்டார், அதுவும் எங்கோ மாற்றி வாங்கிவந்து. ஆகவே இடைப்பட்ட நாட்களில் இரைச்சல் இருந்திருக்கிறது. நான் மறந்துவிட்டேன்.

இல்லை, மறக்கவும் இல்லை. அந்த நாட்களில் இரைச்சல் வேறு மாதிரி இருந்தது. அதே வேகத்தில்தான் சுற்றினேன். ஆனால் அது மெலிந்து மேலே போய்விட்டது. ஆண்குரல் பெண்குரல் ஆனதுபோல. 2004 இல் கிளிநொச்சியில் உயர்தர வகுப்பில் ஆசிரியர் ஆடலோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும் சீராக்கலின் வரைபை வரைந்தார். ஓர் இருவாயி என்றால் அலையின் கீழ்ப்பாதி வெட்டுப்படும், ஒரு சுழற்சிக்கு ஒரு மேடு. நான்கு என்றால் கீழ்ப்பாதியும் மேலே மடியும், ஒரு சுழற்சிக்கு இரண்டு மேடு. மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது, இரட்டிக்கும். இரட்டித்த மீடிறனைத்தான் பாட்டுக்காரர் மேல் ஸ்தாயி என்கிறார்கள்.

கரும்பலகையில் சோக்குத் துண்டு அந்த இரண்டாவது மேட்டைப் போட்டபோது என் காதுக்குள் மல்லாவி கேட்டது. அந்த நிமிடத்தை வைத்து இன்றுவரை சீவிக்கிறேன் என்றால் மிகையாக இருக்கும். ஆனால் வாழ்க்கையில் எது நிறைவாக இருந்தது என்று கேட்டால் கலியாணம், பிள்ளை பிறந்தது, அந்த இரண்டாவது மேடு. வரிசையை மனைவி பார்க்கக்கூடாது.

யூன் 13

பார்த்துவிட்டா.

யூன் 15, சனி

சொல்வது மட்டும் போதாது என்று கிளிநொச்சியில் பழைய இரும்புக் கடையில் டைனமோ ஒன்று தேடி எடுத்தேன். கழற்றிக் காந்தத்தின் முனைகளை எண்ணினேன்: எட்டு. அதாவது உருளை ஒருமுறை சுற்றினால் நான்கு சுழற்சி. உருளையின் சுற்றளவு 6.6 சென்ரிமீற்றர், பெரிய சைக்கிள் சில்லின் சுற்றளவு 2.2 மீற்றர் அளவில். ஆகவே சில்லு ஒருமுறை சுற்ற உருளை முப்பத்துமூன்று முறை சுற்றும். பெடலில் 44 பல், பின்னால் 18. செக்கனுக்கு ஒரு பெடல் என்றால் சில்லு ஏறத்தாழ 2.4 சுற்று. எல்லாவற்றையும் பெருக்கினால் செக்கனுக்கு 317 சுழற்சி, அதாவது 317 ஹேர்ட்ஸ். நான்கு இருவாயி போட்டால் 634.

மாணவன் ஒருவன் சுற்றினான், பழைய ஒலிபெருக்கி ஒன்றைக் கொளுவினோம், கைபேசியில் மீடிறன் காட்டும் செயலியைப் பிடித்தோம். 600 இற்கும் 650 இற்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. அவனுடைய கை ஆடிய ஆட்டம் அது. ஓர் இருவாயிக்கு மாற்றினோம். விழுந்தது பாதிக்கு.

சோளகக் காற்று வேறு அள்ளிக்கொட்டியது, ஆய்வுகூடம் முழுக்கப் புழுதி. ஐந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். பாடத்திட்டத்தில் இது இல்லை. பரீட்சைக்கும் வராது.

யூன் 16

இரைச்சலைக் கேட்டு வாழ்க்கை ஓட்டிய வேறு யாரும் உண்டா என்று கேள்வி வந்திருக்கிறது. உண்டு. நான் சொல்லக் காத்திருந்த ஆள்.

கார்ல் ஜான்ஸ்கி, பெல் ஆய்வுகூடங்களில் பொறியியலாளர். அத்திலாந்திக் கடலைத் தாண்டும் வானொலித் தொலைபேசியில் என்ன இரைச்சல் வருகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. நியூ ஜேர்சியில் ஒரு வெளியில் சுற்றுகிற அன்ரெனா ஒன்றைக் கட்டினார், ஃபோர்ட் காரின் சில்லுகளின் மேல். 20.5 மெகாஹேர்ட்ஸில் கேட்டார். கிட்டத்து இடி ஒரு வகை, தூரத்து இடி இன்னொரு வகை. மூன்றாவதாக ஓயாத ஒரு சீறல். முதலில் சூரியனிலிருந்து வருகிறது என்று நினைத்தார். மாதக் கணக்கில் குறித்துக்கொண்டு வந்தபோது அது நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வந்தது. 24 மணித்தியாலம் சூரியனின் கணக்கு. 23 மணித்தியாலம் 56 நிமிடம் விண்மீன்களின் கணக்கு. சீறல் பால்வீதியின் நடுப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. 1933 இல் வெளியே சொன்னார். விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராயும் வானொலி வானியல் அங்கேதான் தொடங்கியது.

இனி அண்ணாவுக்குப் பிடிக்காத பகுதி. நிறுவனம் அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டது. தொலைபேசிக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டதே. அவர் மறுபடியும் அந்தத் துறைக்கு வரவில்லை, 1950 இல் 44 வயதில் இறந்துபோனார். விடுப்புக்கு யாராவது கூலி கொடுக்க வேண்டும், கொடுப்பவர் நிறுத்தலாம். இதை மறைத்துவிட்டுப் பிள்ளையை அனுப்பச் சொன்னால் நான் தரகன்.

அவருடைய சீறலை விட மனமில்லாமல் 1937 இல் இன்னொருவர், குரோட் ரீபர், தன் வீட்டு வளவில் தன் செலவில் ஒன்பது மீற்றர் கிண்ண அன்ரெனா கட்டினார். அயலார் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை வளவுக்குள் தலைகீழ்ச் சைக்கிள் வைத்திருந்த நாங்கள் ஊகிக்கலாம்.

யூன் 18

"எல்லாம் வெள்ளைக்காரன் கதை, எங்களில் யார்?" என்ற கேள்விக்கு ஒரு வரி: யாழ்ப்பாணத் தமிழரான கி. ஜெ. எலியேசர் கேம்பிரிட்ஜில், குவாண்டம் பௌதிகவியலின் முன்னோடிகளில் ஒருவரான டிராக்கிடம் ஆய்வு செய்தவர். ஓர் இலத்திரன் தான் வெளிவிடும் கதிர்வீச்சின் எதிர்த்தாக்கத்தையும் கணக்கில் எடுத்தால் அது புரோத்தனை நோக்கி நேரே விழ முடியாமல் திரும்பிப் பறக்கும் என்று டிராக்கின் சமன்பாட்டிலிருந்து காட்டினார். இலங்கை, மலாயா, மெல்பேணின் லா ட்ரோப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாதது அவருடைய குற்றம் அல்ல.

யூன் 19, இரவு

இந்த இழையில் நான் விடுப்பைப் புகழ்ந்துகொண்டே போகிறேன். இன்று வகுப்பு முடிந்து வரும்போது மனம் உறுத்தியது. எழுதிவிடுகிறேன்.

மீளக்குடியமர்ந்த காலத்தில் நான் புதிதாகப் படிப்பிக்க வந்தேன். பாதையோரம் மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகைகள். காலைப் பிரார்த்தனையில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னது: தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, கல்லெறியாதே, வந்து சொல். வாரத்துக்கு ஒருமுறை சொன்னோம். அதே வாயால் மூன்றாம் பாடவேளையில் "ஏன் என்று கேள், பிரித்துப் பார்" என்றேன்.

ஒரு பையன் வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் வந்து சேர்ந்தான். இடது கையால் எழுதுவான். எப்படி என்று கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், அவனே சொன்னான்: "உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் தட்டினேன் சேர்." சொல்லிவிட்டுச் சிரித்தான். என் டைனமோக் கதை என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அவனுக்கும் எனக்கும் குணத்தில் வித்தியாசம் இல்லை. எனக்குக் கையில் கிடைத்தது டைனமோ.

அதற்குப் பிறகு படிப்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். தொடாமல் அறிவது எப்படி என்று தொடங்குவேன். பனையில் ஏறாமல் நிழலை வைத்துப் பனையின் உயரம். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் செக்கனை எண்ணி மூன்றால் பிரித்தால் இடி விழுந்த தூரம், கிலோமீற்றரில். அந்தப் பையன் எண்ணுவதில் கெட்டிக்காரன். எறிகணைக் காலத்தில் பழகியதாம். யோசித்துப் பார்த்தால் ஜான்ஸ்கியும் எதையும் தொடவில்லை. விண்மீனை யார் தட்டிப் பார்ப்பது?

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

யூன் 22

இழையைத் தொடங்கிய அண்ணா நேரடியாகக் கேட்டிருக்கிறார்: "பெண்பிள்ளை. பரிசு, பெயர் எல்லாம் ஆண்களுக்குத்தானே?"

ஜோசலின் பெல். வட அயர்லாந்து. எங்கள் புலமைப்பரிசில் போல பதினொரு வயதில் அங்கே நடக்கும் பரீட்சையில் சித்தியடையாதவர். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்தபோது வானொலித் தொலைநோக்கி ஒன்றைக் கட்டும் வேலையில் இரண்டு வருடம் நின்றார். பரப்பு நாலரை ஏக்கர். வயல்காரருக்கு அளவு விளங்கும். அதில் நெல்லுக்குப் பதிலாகக் கம்பமும் வயரும். சம்மட்டி பிடித்துக் கம்பம் நட்டவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு நாளுக்கு முப்பது மீற்றர் கடதாசி. ஊசி கிறுக்கிய கோடுகளை அவர்தான் கண்ணால் பார்த்து முடிக்க வேண்டும். 1967 ஓகஸ்டில் அதில் ஒரு சின்ன அழுக்கு. அரை அங்குலமும் இல்லை. வேறு யாராக இருந்தாலும், நானாக இருந்தாலும், மோட்டார்ச் சைக்கிள் இரைச்சல் என்று புரட்டிவிட்டிருப்பேன். அவருக்கு அதை முன்பும் எங்கோ பார்த்த ஞாபகம். திரும்பிப் போய்த் தேடினார். வானத்தின் அதே இடம், விண்மீன் கணக்கில் அதே நேரம். நவம்பர் இறுதியில் கடதாசியை வேகமாக ஓடவிட்டுப் பிடித்தபோது அழுக்கு விரிந்து துடிப்பாயிற்று. 1.34 செக்கனுக்கு ஒன்று, தவறாமல். ஒழுங்காகத் துடிக்கும் வானொலி அலை விடும் விண்மீன்: முதல் துடிவிண்மீன் (பல்சார்).

1974 இல் நோபல் பரிசு மேற்பார்வையாளர் ஹியூயிஷுக்கும் ஆய்வுக் குழுவின் தலைவர் மார்ட்டின் ரைலுக்கும் போனது. அண்ணா சொன்னது உண்மைதான். 2018 இல் ஜோசலின் பெல்லுக்கு வேறொரு பெரிய பரிசு வந்தது, மூன்று மில்லியன் டொலர். முழுவதையும் வாய்ப்புக் குறைந்த பிள்ளைகள் பௌதிகவியல் ஆய்வு செய்யப் புலமைப்பரிசிலாகக் கொடுத்துவிட்டார்.

இதை நீதிக்கதையாக எடுக்க வேண்டாம். பரிசு கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. நான் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

யூன் 23

சோற்றுக்கு நேரான பதில், இனிக் கேட்கக்கூடாது. பௌதிகவியல் பட்டத்தோடு ஆசிரியர் ஆகலாம், விரிவுரையாளர் ஆகலாம், வளிமண்டலவியல் திணைக்களம் இருக்கிறது, வைத்தியசாலையில் கதிர்வீச்சு அளக்கும் மருத்துவப் பௌதிகவியலாளர் வேலை இருக்கிறது, கணினிப் பக்கம் போனவர்களும் என் வகுப்பில் உண்டு. பொறியியலைப் போல நேர்ப்பாதை அல்ல. வேலைக்குக் காத்திருக்கும் காலம் நீளும். பொறியியல் படித்துக்கொண்டே விடுப்புப் பார்க்கவும் முடியும், ஜான்ஸ்கி பொறியியலாளர்தான். கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பொறியியல் பீடமும் வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறது.

என் கதை? 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைக்கும் ஏ9 வீதி போரால் மூடியபோது நான் யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தேன், வீட்டார் வன்னியில். மறுபடி எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தபோது எண்ணிக்கை குறைந்திருந்தது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கவில்லை. அதற்காக அழுததுண்டு, இப்போது இல்லை. சனிக்கிழமைகளில் ஆய்வுகூடத் திறப்பு என்னிடம் இருக்கிறது.

யூன் 29

அண்ணா எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருடைய கணக்கிலிருந்து பிள்ளை எழுதியிருக்கிறாள். படிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேள்வி மட்டும்:

"சேர், பல்ப் எரிந்துபோன நாளில் இரைச்சலின் சுருதி மாறியதா?"

மாறாது என்று உடனே எழுதப் போனேன். சுருதி என்பது முனைகளின் எண்ணிக்கையும் சுற்றும் வேகமும். பல்புக்கு அதில் வேலை இல்லை. பாதி எழுதிவிட்டு அழித்தேன். பல்ப் போனால் சுமை குறையும். சுமை குறைந்தால் பெடல் இலகுவாகும். கை தானாக வேகம் எடுக்கும். கை வேகம் எடுத்தால் சுருதி ஏறும். எவ்வளவு ஏறும்? சுற்றுகிறவன் இரைச்சலைக் கேட்டுக் கையைத் தானே திருத்திக்கொள்வானா, பாட்டுக்காரன் சுருதி சேர்ப்பதுபோல? எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் வீட்டு வானொலி செத்த நாளில் அது கடைசியாக எப்படிக் கத்தியது என்பதும் ஞாபகம் இல்லை.

யூன் 30

கிளிநொச்சியில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன். எல்லோரிடமும் எல்ஈடிதான் இருக்கிறது. பழைய ஆறு வோல்ற்று, மூன்று வாற்று இழைப் பல்ப், சைக்கிளின் முன் விளக்குக்குப் போடுவது, முள்ளியவளை, பரந்தன், மாங்குளம் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு வேண்டும். ஒன்று எப்படியும் போய்விடும். பிள்ளை சனிக்கிழமை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், தகப்பனும் வருகிறாராம், சைக்கிள் சுற்ற.